இன்னும் யார் யார் வர்றாங்க

"சைரன் வருது, கதவைச் சாத்து" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் சொன்னான். சாத்துவதற்குள் அவள் உள்ளே வந்துவிட்டாள். கையில் ஒரு கட்டு நோட்டீஸ், தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும் பை, வெயிலில் வந்த முகம். கல்லூரி முழுக்க அவளுக்கு அந்தப் பெயர்தான். முதலில் கோபம் வந்தது. பிறகு, நாலு பேர் காதில் விழுவதற்குத்தானே சைரன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை பக்கத்து நகரத்தில் காலநிலை மாநாடு. மாணவர்கள் கூடி மாணவர்களே நடத்துவது. அவளுடைய கல்லூரியிலிருந்து இதுவரை யாரும் போனதில்லை. முதல்வர் அறைக்கு நடையாய் நடந்து கல்லூரிப் பேருந்தைக் கேட்டு வாங்கியிருந்தாள். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். பாதிக்கு மேல் இருக்கை நிரம்பினால் பேருந்து புறப்படும். இல்லையென்றால் ஓட்டுநர் சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். காலிப் பேருந்தில் டீசலை எரித்துக்கொண்டு போய்ப் புகையைப் பற்றிப் பேசப் போகிறாயா என்று வேறு கேட்டார். இது அவளுக்குக் கடைசி வருடம். இந்த முறை பேருந்து நகராவிட்டால் அடுத்த முறை கேட்கக்கூட ஆள் இருக்காது. முதல்வரும் அப்பாடா என்று இருந்துவிடுவார்.

வகுப்பில் அவள் நீட்டி முழக்கவில்லை. போன மழையில் பெண்கள் விடுதியின் கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதையும், அதே விடுதியில் இந்தக் கோடையில் குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வருவதையும் சொன்னாள். இரண்டும் ஒரே கட்டடம், ஒரே வருடம் என்றாள். பிறகு எல்லா வகுப்பிலும் சொல்வதைச் சொன்னாள்.

"பயப்படுங்க. பயப்படறது தப்பில்ல. இதைப் பார்த்துட்டும் பயப்படாம இருக்கோம் பாருங்க, அதுதான் தப்பு."

கேள்விகள் வந்தன. மாநாட்டுக்குப் போனால் வருகைப் பதிவு கிடைக்குமா, சாப்பாடு அவர்கள் போடுவார்களா, சர்டிஃபிகேட் உண்டா என்று கேட்டார்கள். அரங்கம் ஏ.சி.யா என்று ஒருவன் கேட்டதும் வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். பையன்களைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. சாப்பாடு உண்டு என்றதும் பாதிப் பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அதிகாலையில் எழுந்து வருவார்களா என்பதற்குச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. அவள் நம்பியிருந்தது பெண்களைத்தான். வருகிறேன் என்றால் வந்து நிற்பார்கள். ஆனால் அவர்கள் வருகிறேன் என்று சொல்லவில்லை. வீட்டில் விட வேண்டுமே என்றார்கள்.

எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி. இன்னும் யார் யார் வர்றாங்க? ஒருத்தி தன் வீட்டில் இன்னொருத்தியின் பெயரைச் சொல்லியிருந்தாள். அந்த இன்னொருத்தியின் வீட்டிலோ முதலாமவள் போகிறாளா என்று தெரியட்டும், பார்க்கலாம் என்று வைத்திருந்தார்கள். பந்தி போட்டாயிற்று, முதலில் உட்காரத்தான் ஆள் இல்லை என்கிற கதைதான். யாராவது ஒரு பெரியவர் போன் போட்டுப் பேசினால் போதும், எல்லாம் மளமளவென்று நடந்துவிடும்.

பேருந்தில் கூட வரவிருந்த பொறுப்பு மேடத்திடம் கேட்டுப் பார்த்தாள். மேடம் நல்லவர்தான். கூட வருகிறேன், ஆனால் யாரையும் வாருங்கள் என்று நான் கூப்பிடமாட்டேன் என்றார். வழியில் ஒருத்திக்குத் தலை வலித்தால்கூட, கூப்பிட்டது யார் என்றுதான் முதலில் கேட்பார்கள் என்பது அவர் கட்சி.

அன்று மத்தியானம் தண்ணீர் டிரம் பக்கத்தில் இரண்டாம் வருடப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். ஒல்லியானவள், நிமிர்ந்து பார்த்துப் பேசாதவள். முதல் பெஞ்சு என்றால்தான் யாருக்கும் தெரியும். சைரன் பேசிய வகுப்புகளில் நோட்டீஸை வாங்கி மடிக்காமல் வைத்துக்கொண்டவள் அவள் ஒருத்திதான். தனக்குப் போயே ஆக வேண்டும் என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். அம்மா இல்லை, போன வருடம் போய்விட்டார். அப்பா ஏ.சி. மெக்கானிக். எது கேட்டாலும் யோசிச்சுச் சொல்றேன் என்பார், அப்படியென்றால் இல்லை என்று அர்த்தம். மாநாட்டைப் பற்றிக் கேட்டதற்கும் அதையே சொல்லிவிட்டார்.

"மேடம் யாராவது பேசினா விடுவாருக்கா. மேடம்னா அவருக்கு ஒரு மரியாதை."

சைரனுக்கு அந்தக் கணமே அத்தையின் ஞாபகம் வந்தது.

அத்தை, அப்பாவின் தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதே வீட்டின் மாடி அறையில் இருந்தாள். ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பில் வேலை. வீட்டில் பேசும் அத்தை வேறு, போனில் பேசும் அத்தை வேறு. போனை எடுத்தால் குரல் ஒரு படி கீழே இறங்கிவிடும். அவசரம் இருக்காது, அதட்டல் இருக்காது. அந்தக் குரலைக் கேட்டால் கேஸ் கம்பெனிக்காரன்கூட நாளை அல்ல, இன்றே சிலிண்டர் அனுப்புகிறேன் என்பான்.

விஷயத்தைச் சொன்னதும் அத்தை முதலில் முடியாது என்றாள். கையில் வேலையை வைத்துக்கொண்டு இந்த வம்பு எனக்கெதற்கு என்றாள். அப்புறம், அந்தப் பெண்கள் போகாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்டாள். சைரன் வகுப்பில் பேசுவதை அப்படியே பேச ஆரம்பித்தாள். அத்தை காதைப் பொத்திக்கொண்டு, "போதும்டி, நம்பரைக் குடு" என்றாள். ஒரு நிபந்தனை வைத்தாள். நான் புரொபசர் என்று என் வாயால் சொல்லமாட்டேன், காலேஜில் இருந்து என்று மட்டும் சொல்வேன், மிச்சத்தை அவர்களே நினைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பல்ல.

சாயங்காலம் மாடி அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு வீடாகப் பேசினாள். சைரனால் உட்கார முடியவில்லை. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள், நகத்தைக் கடித்தாள், கொடியில் காய்ந்திருந்த துணியை எடுத்து மடித்து மறுபடி பிரித்தாள். ஒரு அம்மா தன் மகளின் இருமலைப் பற்றி நீளமாகச் சொன்னார். ஒரு அப்பா, மேடம் நீங்கள் சொன்னால் சரி என்று எழுந்து நின்றே பேசியிருப்பார் போல, நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. இன்னும் யார் யார் வர்றாங்க என்று கேட்டவர்களுக்கு அத்தை, சற்று முன்னால் சரி சொன்ன வீட்டின் பெண்ணைச் சொன்னாள். முடிச்சு ஒவ்வொன்றாக அவிழ்ந்தது.

கடைசியில் மெக்கானிக். எடுத்தவுடன் பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது, பிறகு நின்றது. அத்தை விவரம் சொன்னாள். மகளைத் தனியாக எங்கும் அனுப்பியதில்லை என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். அத்தை குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"பயப்படாதீங்க. நாங்க இருக்கோம். நேர்ல வாங்க, பேசிக்கலாம். கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வேணும்னாலும் வாங்க."

எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று அவர் மறுபடி கேட்டார். காலேஜில் இருந்துங்க என்றாள் அத்தை. சரிங்க என்று வைத்துவிட்டார்.

சைரன் அத்தையைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டாள். இறக்கி விடுடி, இடுப்பு பிடித்துக்கொண்டால் என்னையே ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கும் என்று அத்தை சிரித்தாள்.

மறுநாள் கடைசி வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது அத்தையிடமிருந்து போன் வந்தது. அத்தை கிசுகிசுத்தாள். அந்த மெக்கானிக் ஸ்கேன் சென்டருக்கு வந்து டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கிறாராம். ரிப்போர்ட் கொடு என்கிறாராம். எந்த ரிப்போர்ட் என்று கேட்டால் என் பொண்ணு ரிப்போர்ட் என்கிறாராம்.

"அப்படி ஒண்ணு இங்க இல்லைன்னு சொல்லிப் பார்த்துட்டேன். கேக்க மாட்டேங்கிறார். நீ உடனே வா."

ஸ்கேன் சென்டர் கூடத்தில் ஒருவரும் அமைதியாக இல்லை. வயிற்று ஸ்கேனுக்காகத் தண்ணீர் குடிக்கச் சொல்லி உட்கார வைத்தவர்கள், அடக்க முடியாமல் எழுந்து அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார்கள். சுவரில் சத்தமில்லாத டி.வி. ஓடியது. கதவு திறக்கும்போதெல்லாம் எல்லாத் தலையும் ஒன்றாகத் திரும்பின. அந்த நடமாட்டத்துக்கு நடுவில் ஒருவர் மட்டும் ஆடாமல் அசையாமல் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலடியில் கருவிப் பை. சட்டைப் பையில் டெஸ்டர். கையில் டோக்கன் கசங்கிப் போயிருந்தது.

சைரன் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, உங்கள் மகள் படிக்கும் கல்லூரிதான் நானும் என்றாள். அவர் உடனே அவள் பக்கம் திரும்பினார். அவளுடைய வயதையோ கையிலிருந்த புத்தகத்தையோ அவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

"அவளுக்கு என்னன்னு உனக்காவது தெரியுமாம்மா? எதுவா இருந்தாலும் சொல்லிடு. நான் தாங்கிக்குவேன்."

ஒன்றுமில்லை என்று அவள் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். அந்த ஒன்றுமில்லையை அவர் முன்பே பார்த்தவர்.

"போன வருஷம் இதே அம்மாதான் எனக்குப் போன் பண்ணாங்க. பயப்படாதீங்க, நேர்ல வாங்க, கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்கன்னு. யாரைக் கூட்டிட்டு வர்றது? எனக்குக் கூட இருக்கிறவளோட ரிப்போர்ட்தான் அது." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "நேத்து ஏணி மேல நிக்கிறேன். அதே குரல். அதே வார்த்தை. காலேஜ்லருந்து பேசுறேன்னு சொல்றாங்க. எனக்குப் புரியாதா? அவளும் சரியாச் சாப்பிடறதில்ல. தூங்கறதில்ல. ராத்திரி ஃபேனை நிறுத்திட்டு இருட்டுல உட்கார்ந்திருக்கா. கேட்டா ஒண்ணுமில்லப்பாங்கிறா. அவ எனக்குத் தெரியாம இங்க வந்து டெஸ்ட் எடுத்திருக்கா. அதானே?"

கவுன்ட்டருக்குப் பின்னால் அத்தை எழுந்து நின்றுவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. ரிப்போர்ட் நன்றாக இருந்தால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வாள். நன்றாக இல்லையென்றால் எதுவும் சொல்ல அவளுக்கு அனுமதி கிடையாது. அதற்கென்றே சொல்லிச் சொல்லி வாயில் ஊறிப்போன வாக்கியம்தான் அந்தப் 'பயப்படாதீங்க, நேர்ல வாங்க'. நேற்று ஒரு தயங்கிய தகப்பனைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தபோது, அவள் யோசிக்காமலே அதுவாக வந்து விழுந்திருக்கிறது.

சைரன் ஒவ்வொன்றாகச் சொன்னாள். டெஸ்ட் எதுவும் இல்லை. உங்கள் மகள் இந்தப் பக்கமே வந்ததில்லை. அது என் அத்தை. கல்லூரியில் இருந்து பேசவில்லை, எங்கள் வீட்டு மாடியிலிருந்து பேசினாள். பேசச் சொன்னது நான். சனிக்கிழமை உங்கள் மகளை நீங்கள் அனுப்ப வேண்டும் என்பதற்காக.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. தண்ணீர் குடித்து நடந்துகொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். கையை எடுத்தபோது அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை.

"நல்லா இருக்கா. அவளுக்கு ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லைங்க."

"அப்போ ஃபேனை எதுக்கு நிறுத்துறா?"

மின்சாரத்தைக் குறையுங்கள் என்று போட்டிருந்த நோட்டீஸைப் பற்றிச் சைரன் சொன்னாள். வகுப்பில் என்ன பேசினேன் என்றும் சொன்னாள். அவர் கசங்கிய டோக்கனை விரலால் நீவிவிட்டார்.

"அவகிட்டப் பயப்படுன்னு சொல்லியிருக்கே. என்கிட்டப் பயப்படாதேன்னு சொல்லச் சொல்லியிருக்கே."

கேள்வி மாதிரி இல்லை, கோபம் மாதிரியும் இல்லை. கணக்கு ஒத்துவராமல் மறுபடி கூட்டிப் பார்ப்பவர் போலத்தான் சொன்னார். பிறகு கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். நான் யாரிடமும் போய் எதுவும் சொல்லப் போவதில்லை, ஆனால் என் மகள் வரமாட்டாள் என்றார். டோக்கனைக் கவுன்ட்டரில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் சைரன் வீட்டுக்குள் போகாமல் தெருவிலேயே நடந்துகொண்டிருந்தாள். தெருமுனை வரை போவதும் திரும்புவதுமாக இருந்தாள். பழக்கடைக்காரர் என்னம்மா தொலைத்துவிட்டாய் என்று கேட்டார். வேலையிலிருந்து வந்த அத்தையும் செருப்பைக் கழற்றாமல் அவள்கூட நடந்தாள். மற்ற வீடுகளில் எல்லாரும் சரி சொல்லிவிட்டார்கள், அவர்களில் யாரும் ஸ்கேன் சென்டர் பக்கம் வந்தவர்கள் இல்லை, போனது போகட்டும், பேருந்து கிளம்பட்டும் என்பது அத்தையின் எண்ணம். அதைச் சொன்னாலும் அவளுக்கே அதில் பிடிப்பு இல்லை. போன வருடம் அவருக்குப் போன் பண்ணியதே தனக்கு ஞாபகம் இல்லை என்று திடீரென்று சொன்னாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குச் சொல்றேன். ஒரு முகமாவது எனக்கு ஞாபகம் இருக்கா பாரு."

சைரன் போனை எடுத்தாள். முதல் எண்ணை அழுத்தினாள்.

அவள் குரல் போனுக்கு ஆகாத குரல். கீச்சென்று ஏறும், அவசரத்தில் வார்த்தையை விழுங்கும். நேற்றுப் பேசியது மேடம் இல்லை, என் அத்தை, நான் மூன்றாம் வருட மாணவி, தப்பு என்னுடையது என்று ஆரம்பித்தாள். முதல் வீட்டில் ஒரு அப்பா, ஏமாற்றுகிற கூட்டத்தோடு என் பெண்ணுக்கு என்ன வேலை என்று கத்திவிட்டு வைத்தார். அடுத்த வீட்டில் அம்மா சிரித்தார். யாராக இருந்தால் என்ன, அந்தக் குரல் நன்றாகத்தான் இருந்தது என்றார். ஆனாலும் கணவரிடம் கேட்க வேண்டும் என்று நழுவினார். சில வீடுகளில் பேசாமல் வைத்தார்கள், அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. இருமல் பெண்ணின் அம்மா மட்டும் வைக்காமல் கேட்டார்.

"அப்போ பயப்பட ஒண்ணும் இல்லைன்னு அவங்க சொன்னது?"

"இருக்குங்க. எனக்கே இருக்கு. தனியா பயந்துக்கிட்டு இருக்க முடியலை. அதான் எல்லாரையும் கூப்பிடுறேன்."

சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. இத்தனை வகுப்பில் பேசியும் இந்த வார்த்தை ஏன் வரவில்லை என்று நினைத்தாள். அந்த அம்மா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றார்.

மெக்கானிக்குக்குப் போன் போட அவளுக்குத் தைரியம் வரவில்லை. மறுநாள் கல்லூரியில் முதல் பெஞ்சைத் தேடிப் பிடித்து நடந்ததைச் சொன்னாள். அப்பா ஸ்கேன் சென்டரில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார் என்றதும் அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டாள். எனக்காகவா என்று மட்டும் கேட்டாள். மணி அடித்தும் வகுப்புக்குப் போகாமல் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை விடியும்போதே வெக்கையாக இருந்தது. கல்லூரி வாசலில் பேருந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. பொறுப்பு மேடம் முன் இருக்கையில் உட்கார்ந்து ஃபிளாஸ்கிலிருந்து டீ குடித்தார். வருகிறோம் என்ற பையன்களில் சிலர் வந்து, கடைசி இருக்கையில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிப்போனார்கள். விடுதிப் பெண்கள் கொஞ்சம் பேர் ஏறினார்கள். இருக்கைகள் பல்லிழந்த வாய் மாதிரி அங்கங்கே காலியாக இருந்தன. ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் சாவியை விரலில் சுற்றுவதுமாக நின்றார். அலுவலகத்தில் கேட்பார்கள் தாயி, நான் என்ன செய்வது என்று அவர் ஒருமுறை சொல்லிவிட்டார்.

பிரச்சினை வாசலுக்கு வெளியில் இருந்தது. வரிசையாக இரு சக்கர வண்டிகள் நின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் அப்பாவோ அண்ணனோ, பின்னால் பையைக் கட்டிக்கொண்டு ஒரு பெண். யாரும் இறங்கவில்லை. யாரும் என்ஜினை நிறுத்தவும் இல்லை. முதலில் யார் இறங்குகிறார்கள் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, திரும்பிப் போகத் தயாராக ஆக்ஸிலரேட்டரை முறுக்கிக்கொண்டே இருந்தார்கள். சைரன் ஒவ்வொரு வண்டியாகப் போய் நின்றாள். வணக்கம் சொன்னாள். நீதானா அந்தப் பெண் என்ற பார்வைதான் திரும்ப வந்தது. பேருந்துக்கும் வாசலுக்குமாக நடந்தாள்.

அப்போது ஒரு பழைய ஸ்கூட்டர் வந்து, எல்லாரையும் தாண்டி உள்ளேயே நுழைந்து, பேருந்தை ஒட்டி நின்றது. மெக்கானிக். பின்னால் முதல் பெஞ்சு. அவர் என்ஜினை நிறுத்தி ஸ்டாண்டு போட்டுப் பூட்டினார். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்துப் படியில் கால் வைத்தார்.

"அப்பா, நீங்க எங்க?"

"நானும் வர்றேன்."

முதல் பெஞ்சின் முகம் சிவந்துவிட்டது. தெரு முனையில் இறக்கிவிட்டுப் போய்விடுவதாகத்தானே சொன்னீர்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். கல்லூரிக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு யாராவது வருவார்களா, ஒன்றாம் வகுப்பா இது, எல்லாரும் சிரிப்பார்கள் என்றாள். நீங்கள் வந்தால் நான் வரவில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சிரிக்கட்டும். வீட்ல எனக்கு இருப்புக் கொள்ளாது. நீ ஃபேனை நிறுத்திட்டு உட்கார்ந்திருக்கே. நான் பக்கத்து ரூம்ல முழிச்சுட்டு உட்கார்ந்திருக்கேன். அதுக்கு ரெண்டு பேரும் ஒரே இடத்துக்குப் போய் உட்காரலாம்." படியில் நின்றபடியே சைரனைப் பார்த்தார். "அன்னிக்கு நீ பேசினியாமே, எல்லார் வீட்டுக்கும். எங்க வீட்டுக்கு மட்டும் பேசலை."

பயமாக இருந்தது என்றாள் சைரன். ம் என்றார் அவர்.

வாசலில் நின்ற வண்டிகளிலிருந்து எல்லாரும் இதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் நின்ற ஒரு பெரியவர் வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு வந்தார். நீங்கள் எந்த டிபார்ட்மென்ட் சார் என்று கேட்டார். நான் சார் இல்லை, ஏ.சி. மெக்கானிக், இந்தப் பெண்ணோட அப்பா என்றார் இவர்.

"போறீங்களா நீங்களும்?"

"போறேன்."

"அப்போ எம் பொண்ணையும் கொஞ்சம் பார்த்துக்குவீங்களா?"

மெக்கானிக் டெஸ்டரைச் சட்டைப் பையில் சரியாகக் குத்திக்கொண்டார்.

"பார்த்துக்குவேன்னு சொல்லமாட்டேங்க. கூட இருப்பேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

பெரியவர் சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினார். அந்தச் சத்தம் அடங்கியதும்தான் மற்ற வண்டிகளின் சத்தம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று தெரிந்தது. அவர் மகள் குதித்து இறங்கினாள். அடுத்த வண்டியும் நின்றது. அதற்கடுத்ததும். இருமல் பெண் இருமிக்கொண்டே ஏறினாள். இரண்டு வண்டிகள் மட்டும் திரும்பிப் போயின. சைரன் அந்தப் பெண்களுக்குக் கை காட்டினாள். அவர்கள் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

ஓட்டுநர் எட்டிப் பார்த்து, கண்ணாலேயே எண்ணி, போதும் போதும் என்று ஏறி உட்கார்ந்தார். பேருந்து உறுமியது. முதல் பெஞ்சு கையைக் கட்டிக்கொண்டு கீழேயே நின்றாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. சக்கரம் நகரத் தொடங்கியபோது ஓடி வந்து ஏறினாள். அப்பாவைத் தாண்டி, அவரைப் பார்க்காமல், தூங்கும் பையன்களுக்கு முன்னால் ஓர் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள்.

பேருந்து கல்லூரிச் சுவரைத் தாண்டிப் பெரிய சாலைக்கு வந்த பிறகுதான் பொறுப்பு மேடம் ஃபிளாஸ்கை மூடிவிட்டு, ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன் என்றார். அரங்கத்தில் மாணவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. கல்லூரி அடையாள அட்டையைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். மெக்கானிக்கைக் காட்டி, இவரை என்ன செய்வது என்று சைரனிடம் கேட்டார்.

மெக்கானிக் அதைக் கேட்டுவிட்டார். பரவாயில்லைங்க என்றார்.

"உள்ள விடலைன்னா வெளியில நிக்கிறேன். ஏ.சி. மெஷின் எல்லாம் வெளியிலதான வச்சிருப்பாங்க. ஏதாவது இரைச்சல் வந்தாப் பார்த்துட்டு இருப்பேன்."

பேருந்தில் சிரிப்பு எழுந்தது. பின்னாலிருந்து ஒரு குரல் அந்தச் சிரிப்பின் மேல் வந்தது. அந்தக் குரலை அவ்வளவு உரக்க யாரும் கேட்டதில்லை.

"அப்பா வெளியில நின்னா நானும் வெளியிலதான் நிப்பேன்."

சிரிப்பு நின்றது. மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். முதல் பெஞ்சு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரியவரின் மகள், அப்படியென்றால் நானும் என்றாள். தூங்கிக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன் எழுந்து, என்ன, இறங்க வேண்டுமா என்று கேட்டான்.

சைரன் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காரும்மா, பிரேக் போட்டால் விழுந்துவிடுவாய் என்று ஓட்டுநர் அதட்டினார். அவள் உட்காரவில்லை. அரங்கத்து வாசலில் நிற்கப்போகும் முகம் தெரியாத ஒருவரிடம் என்ன சொல்வது என்று, உதடு அசைய, ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். சரியாக வரவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தாள்.